பதின்மூன்றரைச் சுற்று

1

போன சனிக்கிழமை இங்கே எங்கள் மைதானத்தில் ஐயாயிரம் மீட்டர் ஓடிக்கொண்டிருந்த பையன் ஒருவன், மணி அடிக்கும் முன்பே நின்றுவிட்டான். காலில் சுளுக்கு இல்லை, மயக்கம் இல்லை. கோட்டைத் தாண்டினான், நாலடி நடந்தான், புல்லில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். மற்றவர்கள் அவனைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சுற்று எண்ணும் பொறுப்பில் இருந்தவர் வேதியியல் பேராசிரியர். சனிக்கிழமைகளில் உதவிக்கு வரும் நல்ல மனிதர். இன்னும் ஒன்று பாக்கி, எழுந்து ஓடு என்று கையை வீசினார். பையன் அசையவில்லை. தான் பன்னிரண்டரைச் சுற்று ஓடி முடித்தாயிற்று, தப்பு உங்கள் தாளில்தான் இருக்கிறது என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் மாறி ஏறியவருக்கு வழி சொல்வதைப்போலச் சொன்னான்.

நடுவர் வந்தார். நேரம் குறித்தவரின் தாளையும் பேராசிரியரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பையன் சொன்னதுதான் சரி. பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், பையனிடம் மன்னிப்புக் கேட்டார், அடித்துத் திருத்தி எழுதினார்கள். மொத்தம் ஐந்து நிமிடம். பையன் எழுந்து போய் வாழைப்பழம் தின்றான்.

நான் நீளம் தாண்டும் மணல்குழிக்குப் பக்கத்தில் கையில் மண்வாரியோடு நின்றிருந்தேன். குழியைச் சமன்படுத்த மறந்துவிட்டேன். அடுத்துத் தாண்ட வேண்டிய பையன் எனக்காகக் காத்திருந்தான். பயிற்சியாளர் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்றார். "பேஜாரா கீது" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவர் 'ஜார்' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, எந்த ஜாடி, எங்கே இருக்கிறது என்று சுற்றுமுற்றும் தேடினார்.

வாலாஜாபாத்தில் ஒரு மனிதர் நான்கு வருடமாக என்னிடமிருந்து ஒரே ஒரு காகிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவன் நான். அதில் என்ன எழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். நாலு வரி. அந்த நாலு வரி ஏன் வரவில்லை என்பதைத்தான் இப்போது இத்தனை பக்கத்துக்கு எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் நான் இங்கே என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் இதைப் பற்றி உலவும் வதந்திகள் பாதி நானே கிளப்பியவை.

அமெரிக்காவின் நடுவயிற்றில், மக்காச்சோளக் காட்டுக்கு மத்தியில் ஒரு சின்னக் கல்லூரி. அதில் ஒரு விளையாட்டுத் துறை. துறை என்றால் இயக்குநர் ஒருவர், பயிற்சியாளர்கள் மூவர், செயலாளர் அம்மாள் ஒருவர், அப்புறம் நான். கட்டடத்தின் அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்தில் என் அறை. கதவில் 'எக்விப்மென்ட் மேனேஜர்' என்று பலகை தொங்குகிறது. அந்தப் பலகையைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். உத்திரமேரூரில் என் மைத்துனர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, மாப்பிள்ளை அமெரிக்காவில் மேனேஜர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேனேஜரின் தினப்படி வேலை இது: காலை ஏழு மணிக்கு நாற்பது ஜோடி சாக்ஸ் துவைப்பது. தடை ஓட்டத் தடைகளுக்கு எண்ணெய் போடுவது. ஈட்டி, குண்டு, தட்டு எல்லாவற்றையும் எடை பார்த்து வைப்பது. ஏப்ரலில் பனி விழுந்தால் ஓடுதளத்தைத் தள்ளுபலகையால் வழிப்பது. எங்களுடையது கரித்துகள் பரப்பிய பழைய தளம். அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் முந்தின நாள் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். இங்கே கோடு போடச் சக்கரம் வைத்த வண்டி உண்டு. நான் நேராகப் போடுவதைப் பார்த்து, எங்கே கற்றாய் என்று இயக்குநர் கேட்டார். பால்பவுடர் டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டுக் கற்றேன் என்றேன். தமாஷ் என்று நினைத்துக்கொண்டார். நான் உண்மை சொல்லும்போதெல்லாம் இந்த நாட்டில் தமாஷாகிவிடுகிறது.

வந்த கதை சுருக்கமானது. என் மனைவி கமலா நர்ஸ். அவளுக்கு விசா வந்தது. அவளுடைய சாமான்களோடு சாமானாக நானும் வந்தேன். குடியேற்ற அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்றார்கள். குடும்பத்துக்கு எதற்குப் பெயர், கதவு எண் போதாதா என்று நான் முழித்தேன். கடைசியில் அப்பா பெயர் முன்னால் போய், என் பெயர் பின்னால் போய், அமெரிக்க அரசாங்கத்தின் ஏட்டில் இன்றுவரை நான் கண்ணப்பன்தான். செத்துப்போன என் அப்பா ஒழுங்காக வரி கட்டிக்கொண்டிருக்கிறார். வரதன் என்ற என் பெயரைப் பையன்கள் 'வார்டன்' ஆக்கிவிட்டார்கள். வார்டன் என்றால் இங்கே சிறைச்சாலை அதிகாரி. புதிதாகச் சேரும் பையன்கள் ஒரு வாரம் என்னிடம் பயந்து பேசுவார்கள். எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை, அதையும் எதற்குத் திருத்த வேண்டும்?

மகள் மல்லிகாவைப் பள்ளியில் 'மாலி' என்கிறார்கள். பதினான்கு வயது. தமிழ் புரியும், பேசமாட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் அவரவர் கரையில் நின்று ஆற்றுக்குக் குறுக்கே பேசிக்கொள்வதைப்போல இருக்கும். ஊரில் நான் கல்லூரி விளையாட்டுக்கெல்லாம் பெரிய அதிகாரி என்று அவளுக்குச் சின்ன வயதில் கதை சொல்லியிருக்கிறேன். இன்னும் நம்புகிறாள். தோழிகளிடமும் சொல்கிறாள். அப்போதெல்லாம் நான் ஏதோ வேலை இருப்பதுபோலக் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

3

ஊரில் நான் மார்க்கர். உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரி. பெயர் வேண்டாம். எழுபதுகளின் தொடக்கம். உடற்கல்வித் துறையில் பி.டி. சார் ஒருவர், அவருக்குக் கீழே நான். மைதானத்தில் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, ரிசல்ட் தட்டச்சு செய்வது, பி.டி. சார் விசில் தொலைத்தால் தேடுவது எல்லாம் மார்க்கரின் வேலை. பையன்கள் 'மார்க்கர்ணா' என்பார்கள். என் வேலை நிரந்தரமாகவில்லை. இந்த வருடம் ஆகிவிடும், ஆகிவிடும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கான தடகளப் போட்டியை நடத்தும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. வேறு எந்தக் கல்லூரியும் வேண்டாம் என்றிருக்க வேண்டும். மைதானத்தின் ஒரு மூலையில் நெருஞ்சி முள், இன்னொரு மூலையில் எருமைகள். பி.டி. சாரும் நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானூறு மீட்டர் தளத்தை அளந்தோம். நான்கு தடவை அளந்ததில் நான்கு நீளம் வந்தது. ஐந்தாவது தடவை வந்ததைச் சரி என்று வைத்துக்கொண்டோம்.

எங்கள் கல்லூரிக்கு இருந்த ஒரே நம்பிக்கை ஏழுமலை. பெருநகர்ப் பையன். அப்பா அம்மா இருவரும் கூலிக்கு நாற்று நட, அறுக்கப் போகிறவர்கள். அவன் செருப்பில்லாமல் ஓடுவான். குதிகால் தரையில் படாது. பெருநகரிலிருந்து பஸ் இருந்தும் பாதி நாள் ஓடித்தான் வருவான். கேட்டால் பஸ்ஸை விட நான் சீக்கிரம் வந்துடறேன்ணா என்பான். அந்த பஸ்ஸைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

ஐயாயிரத்தில் முதலாவதாக வருபவன் சென்னையில் பல்கலைக்கழக முகாமுக்குப் போவான். முகாமுக்குப் போய்வந்தவனுக்கு போலீசிலோ ரயில்வேயிலோ ஒரு கதவு திறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஏழுமலை அதை வெளியே சொன்னதில்லை. அந்த மாதம் முழுக்க பஸ் ஏறவில்லை, அவ்வளவுதான்.

4

போட்டியன்று எனக்குச் சுற்று எண்ணும் வேலை. மேஜை, மணி, நான். மணி என்றால் கல்லூரி வராந்தாவில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதை அவிழ்த்துக்கொண்டு வந்து கம்பத்தில் கட்டியிருந்தோம். பக்கத்தில் தாளும் பென்சிலுமாக ஆங்கில விரிவுரையாளர். சென்னைக்காரர், புதிதாகச் சேர்ந்தவர், மைதானத்துக்கு அன்றுதான் முதல் தடவை வருகிறார். ஏற்பாடு சுலபமானது. முன்னால் ஓடுகிறவன் கோட்டைத் தாண்டும்போது நான் வாயால் எண்ணிச் சொல்வேன். என் குரல் கேட்டதும் அவர் ஒரு கோடு போடுவார்.

ஐயாயிரம் மீட்டர் பன்னிரண்டரைச் சுற்று. எதிர்ப்பக்கத்தில் கிளம்பி வரும் அரைச் சுற்றை விட்டுவிட்டால் பன்னிரண்டு. பதினொன்று முடிந்ததும் மணி. மணி அடித்தால் கடைசிச் சுற்று. இவ்வளவுதான் சாஸ்திரம். இதில் தப்புச் செய்ய ஒரு தனித் திறமை வேண்டும்.

நான் விவசாயக் குடும்பம். எங்கள் களத்தில் அறுப்புக்கூலி நெல்லை மரக்காலால் அளந்து போடுகிறவனாகப் பத்து வயதிலிருந்து நின்றவன். எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது யாரும் 'ஒன்று' என்று தொடங்கமாட்டார்கள். முதல் மரக்கால் 'லாபம்'. அடுத்தது ரெண்டு, மூணு. வேறு எதை எண்ணினாலும் எனக்கு வாய் அப்படித்தான் ஆரம்பிக்கும். பந்து எண்ணினாலும் லாபம், பனியன் எண்ணினாலும் லாபம்.

முதல் சுற்று முடிந்து ஏழுமலை கோட்டைத் தாண்டினான். நான் பழக்கதோஷத்தில், நல்ல சத்தமாக, "லாபம்" என்றேன்.

விரிவுரையாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அவர் கோடு போடவில்லை. அது எனக்குத் தெரியாது. அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குச் சாயந்திரம்தான் தெரிந்தது. ஒரு சுற்றுக்கு ஆங்கிலத்தில் 'லாப்' என்று பெயர் என்று இந்த மார்க்கர் தனக்குப் பாடம் எடுக்கிறான் என்று நினைத்திருக்கிறார். கடைசியில் வந்த 'ம்' எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லா ஆங்கிலச் சொல்லுக்கும் 'ம்' போடுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. என் குரல் கேட்டதும் அவர் கோடு போட்டார். எண்ணைக் கவனிக்கவில்லை. பின்தங்கிய பையன்களும் நடுவில் நடுவில் கோட்டைத் தாண்டினார்கள். வெயில். எருமை ஒன்று மூன்றாவது வளைவில் நின்று ஓட்டத்தைப் பார்த்தது. ஏழுமலை எட்டாவது சுற்றில் தனியாகப் பிரிந்தான். எங்கள் பையன்கள் கூச்சல் போட்டார்கள்.

"பதினொண்ணு" என்று சொல்லிவிட்டு இரும்புத் துண்டை அடிக்கக் கையை ஓங்கினேன். விரிவுரையாளர் என் கையைப் பிடித்தார். "பத்துதான் ஆகிறது மார்க்கர்" என்று தாளைக் காட்டினார். இரண்டு கட்டு, கட்டுக்கு ஐந்து கோடு, பத்து. அழகான கோடுகள்.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? என் வாயை நம்பியிருக்க வேண்டும். ஆனால் என் வாயை எனக்கு நன்றாகத் தெரியும். அது எத்தனையோ தடவை என்னைக் கவிழ்த்திருக்கிறது. எதிரே இருப்பது காகிதம். எழுதியவர் எம்.ஏ. ஓங்கிய கையை இறக்கிவிட்டேன், மணி அடிக்கவில்லை. ஏழுமலை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போனான்.

அடுத்த சுற்றை அவன் கடைசிச் சுற்றுபோலவே ஓடினான். இரண்டாவதாக வந்தவனுக்கும் அவனுக்கும் நாற்பது மீட்டர் இருக்கும். மார்பை முன்னால் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். "பன்னெண்டு" என்றேன் நான். விரிவுரையாளர் பதினொன்றாவது கோட்டைப் போட்டார். நான் மணி அடித்தேன்.

அவன் கால் ஒரு அடி தடுமாறியது. அரை நொடி திரும்பி என்னைப் பார்த்தான். அப்புறம் ஓடினான்.

அந்தச் சுற்றில் அவனிடம் ஓடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லூரி மாணவன் கடைசி வளைவில் அவனைப் பிடித்தான். முதலாவதாகவும் வந்தான்.

5

பி.டி. சார் அந்த நேரத்தில் நீளம் தாண்டும் குழியில் ஒரு தகராறைத் தீர்த்துக்கொண்டிருந்தார். வந்து நேரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் அதிகம். வெயில் ஜாஸ்தி என்றார். கயிற்றால் அளந்த தளம் என்பதால் அதற்கு மேல் அவரும் துருவ விரும்பவில்லை.

சாயந்திரம் ரிசல்ட் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். விரிவுரையாளர் வழியில் நின்று, வேடிக்கையாகத்தான், முதல் சுற்றில் எனக்கு ஏன் ஆங்கிலப் பாடம் நடத்தினீர்கள் என்று கேட்டார். என்ன பாடம் என்றேன். சொன்னார். சொல்லிவிட்டுச் சைக்கிள் ஏறிப் போய்விட்டார்.

தட்டச்சு இயந்திரத்தில் தாள் மாட்டியிருந்தது. 'ஐயாயிரம் மீட்டர்' என்று அடித்திருந்தேன். கீழே காலி. பி.டி. சார் பத்தடி தூரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் என் மூளை ஓடிய ஓட்டத்துக்கு ஏழுமலை பக்கத்தில் வரமுடியாது. போட்டி ரத்தாகும். வெளியூர்க் கல்லூரிக்காரர்கள் மேஜையைக் கவிழ்ப்பார்கள். 'லாபம்' என்று எண்ணிய மார்க்கர் என்று கதை காஞ்சிபுரம் வரை போகும். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் முதல்வர் மேஜையில் இருக்கிறது. இப்படியே போய், கடைசியில் எனக்கும் கமலாவுக்கும் நிச்சயமான கல்யாணம் நின்று, நான் எங்கள் நிலத்தில் எருமையோடு பேசிக்கொண்டிருப்பதுவரை பார்த்துவிட்டேன்.

பிறகு அடித்தேன். ஒன்று என்று போட்டு அந்தச் செங்கல்பட்டுப் பையன் பெயர். இரண்டு என்று போட்டு ஏழுமலை பெயர். ஒரு எழுத்துப்பிழை இல்லை.

வேலை அடுத்த மாதம் நிரந்தரமானது. ஏழுமலை கல்லூரிக்கு வருவதை நிறுத்தினான். அவன் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றார்கள். மூன்றாவது வருடம் நான் நிரந்தர வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டேன். எந்த வேலைக்காக அன்று வாயை மூடினேனோ, அதை இவ்வளவு சுலபமாக விடமுடியும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

6

நான்கு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்திருந்தேன். வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் உத்திரமேரூர் பஸ்ஸுக்காக நின்றபோது, ஒரு ரைஸ் மில் லாரியிலிருந்து இறங்கி ஒருவர் நடந்து வந்தார். தலையில் துண்டு, தோளில் தவிடு. முகம் தெரியவில்லை. குதிகால் தரையில் படாத நடை தெரிந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், ஒளிந்துகொண்டேன். நாற்பத்திரண்டு வயது, அமெரிக்கச் சட்டை, மேனேஜர். நின்றிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றேன். அந்த பஸ் கிளம்பிவிட்டது.

"இன்னா மார்க்கர்ணா," என்றார் ஏழுமலை. "குனிஞ்சி இன்னா அளந்துகினு கீறீங்க?"

ஷூ நாடா கட்டுவதாகச் சொன்னேன். என் ஷூவுக்கு நாடா கிடையாது. அவர் அதையும் பார்த்தார். நாஷ்டா துன்னீங்களா என்று கேட்டு, நான் மறுக்க மறுக்கக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மில்லில் மூட்டை ஏற்றுகிறாராம். மூன்று பிள்ளைகளாம். அமெரிக்காவில் இட்லி கிடைக்குமா என்றார், குளிர் எப்படி என்றார். நான் எல்லாவற்றுக்கும் நகைச்சுவையாகப் பதில் சொன்னேன். சிரித்தார். சிரித்துச் சிரித்து இட்லி தீர்ந்துவிட்டது. இனி ஒளிய இடமில்லை என்று நான் ஆரம்பித்தேன்.

"ஏழுமலை, அன்னிக்கு அந்த ஓட்டத்துல..."

"ஒரு சுத்து ஜாஸ்தி," என்றார். "தெரியும்ணா."

எப்போது தெரியும் என்றேன்.

"அப்பவே தெரியும். நீங்க 'லாபம்'னு சொன்னது காதுல உழுந்துது. எனக்குச் சிரிப்பு வந்துட்ச்சி, ஓடிக்கினே சிரிச்சேன். எங்கம்மா கூலி நெல்லுக்கு முந்தானை ஏந்திக்கினு நிக்கும்போது கேட்டுக்கினே வளந்தவன் நானு. அப்பால நீங்க சொல்லச் சொல்ல நானும் எண்ணிக்கினுதான் ஓடுனேன். பன்னெண்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. சொல்லிட்டு மணியையும் நீங்கதான் அடிச்சீங்க."

"தெரிஞ்சும் ஏன் நிக்கல?"

அவர் டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மணி உங்க கையில கீது. எங்காளுங்க கழனியில எறங்குனா, போதும்னு நெலத்துக்காரங்கதான் சொல்லணும். நாங்களா நின்னா, நின்னுட்டான்னு சொல்லமாட்டாங்கண்ணா. ஓடிட்டான்னு சொல்லுவாங்க."

நான் வேலை பற்றி, முகாம் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையால் தடுத்துவிட்டார். அது போச்சுண்ணா, அதைப் பேசி இன்னா ஆவப்போவுது என்றார். ஆனால் ஒன்று கேட்டார்.

"பெரிய பொண்ணு மூணாவது படிக்குது. படிப்புல கெட்டிக்காரி. நான் மொதல்ல வந்தேன்னு சொல்லி வளத்துட்டேன். போன மாசம் பொட்டியத் தொறந்து சர்டிபிகேட்ட எடுத்துப் படிச்சிட்டா. 'நைனா, ரெண்டுன்னு போட்டுக்கீதே'ன்றா. இன்னா சொல்லியும் கேக்கல. இப்ப நான் எது சொன்னாலும் அவ 'ரெண்டு'ன்றா. மழை வரும்னு சொன்னா ரெண்டுன்றா. பாத்து சின்னதுங்களும் சொல்லுதுங்க. வூடே ரெண்டு ரெண்டுன்னு கீது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்கண்ணா. வேற யாரு எழுதுனாலும் செல்லாது. மணி அடிச்சது நீங்க."

என் சட்டைப்பையில் அப்போது இரண்டு பேனா இருந்தன. பில் எழுதும் தாள் கல்லாவில் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இப்படிச் சாதாரணத் தாளில் வேண்டாம், அமெரிக்காவுக்குப் போய், கல்லூரித் தாளில், முறையாகத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி அனுப்புகிறேன் என்றேன். அவர் "செரி" என்றார். பஸ் வந்ததும் என் பெட்டியை அவரே தூக்கி உள்ளே வைத்தார்.

7

நான்கு வருடத்தில் பதினோரு கடிதம் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றாவது படிக்கும் பெண்ணுக்கு எப்படிப் புரியும் என்று கிழித்தேன். தமிழில் எழுதினால் இந்தக் கல்லூரி முத்திரை எப்படி ஒட்டும் என்று கிழித்தேன். பி.டி. சாருக்குக் கெட்ட பெயர் வருமே என்று ஒன்றைக் கிழித்தேன். அவர் ஓய்வுபெற்று நிம்மதியாகக் கொய்யா மரம் வளர்க்கிறார். உண்மையான காரணம் வேறு. எந்தக் கடிதத்தை எடுத்தாலும் இரண்டாவது வரியில் ஒரு வேடிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. எருமை வந்தது, எம்.ஏ. வந்தது. படிக்கிறவர்கள் சிரித்து, இந்த ஆள் நல்ல தமாஷ்காரன் என்று என்னை மன்னித்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஏழுமலை கேட்டது அதை அல்ல.

திங்கட்கிழமை காலை சாக்ஸைத் துவைக்கப் போட்டுவிட்டு, மேலே போய்ச் செயலாளர் அம்மாளிடம் பந்தய முடிவைத் திருத்தும் படிவம் ஒன்று கேட்டேன். எந்தப் போட்டி என்றார். பழசு என்றேன். அரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் செல்லும் என்றார். பதினைந்து வருடம் ஆகிவிட்டது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். படியிறங்கி வரும்போது, எதற்குச் சிரித்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

மத்தியானம் மல்லிகா பள்ளிவிட்டு என் அறைக்கு வந்தாள். அவளிடம் முதல் தடவையாக முழுக் கதையையும் சொன்னேன். நான் அதிகாரி இல்லை, மார்க்கர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். காய்ந்த சாக்ஸை ஜோடி சேர்த்துக்கொண்டே கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது என்ன வயது என்று மட்டும், ஆங்கிலத்தில், கேட்டாள். பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும் என்றேன். "அப்படியென்றால் அவள் நான்கு வருடமாகத் தன் அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்" என்றாள். ஒரு சாக்ஸுக்கு ஜோடி கிடைக்கவில்லை. அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

என் மகள் இத்தனை வருடம் என் பொய்யை நம்பினாள். அவர் மகள் அவருடைய உண்மையை நம்பவில்லை.

முத்திரை இல்லை. கல்லூரித் தாளும் இல்லை. இந்தப் பத்திரிகை வாலாஜாபாத் கடைகளில் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது இந்தப் பக்கத்தை அந்த வீட்டில் சேர்த்துவிடுங்கள்.

பெருநகர் ஏழுமலையின் மகளுக்கு,

உன் நைனா கல்லூரியில் ஐயாயிரம் மீட்டர் ஓடிய அன்று சுற்று எண்ணியவன் நான். அது பன்னிரண்டரைச் சுற்று ஓட்டம். பன்னிரண்டரைச் சுற்று முடிந்தபோது முதலில் கோட்டைத் தாண்டியவர் உன் நைனா. அடுத்தவர் நாற்பது மீட்டர் பின்னால் இருந்தார். அதற்குப் பிறகு நான் தப்பாக மணி அடித்து எல்லோரையும் இன்னொரு சுற்று ஓடவைத்தேன். முதல் பரிசு வாங்கியவர் மேல் குற்றமில்லை. தப்பு என்று அன்று சாயந்திரமே எனக்குத் தெரியும். தெரிந்தும் 'இரண்டு' என்று தட்டச்சு செய்தவனும் நான்தான். உன் நைனா உன்னிடம் சொன்னது நிஜம். இதைக் கத்தரித்து அந்தச் சர்டிபிகேட்டோடு பெட்டியில் வை.

க. வரதன்,
மார்க்கர்.